தேசம் வேறு, பாஷை வேறு

பல தேசங்களில் வியாபாரம் நடத்தும் ஒரு ஸ்தாபனம், தலைமை அலுவலகத்தில் எழுதிய ஒரே இணையதளத்தை இயந்திரத்தின் உதவியால் பத்துப் பாஷைகளில் பெயர்த்து, பத்துக் கொடிகளின் படங்களை அதன் மேல் ஓரத்தில் பதித்துவிட்டால், அந்தந்தத் தேசத்து ஜனங்கள் தேடுபொறியில் தேடும்போது தன் பெயர் முதல் பக்கத்தில் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால், பழி தேடுபொறியின் மீது விழுகிறது, அல்லது எஸ்.இ.ஓ., அதாவது தேடலில் முன்னிலை பெறச் செய்யும் வித்தை, என்ற பெயரில் ஏதோ ரகசிய உபாயம் தம்மிடம் இருப்பதாகச் சொல்பவர்களிடம் பணம் போய்ச் சேருகிறது. இதில் ரகசியம் என்று ஒன்றுமே இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். வாசகர் எந்தத் தேசத்தில் வசிக்கிறார் என்பது ஒரு கேள்வி. எந்தப் பாஷையில் வாசிக்கிறார் என்பது மற்றொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல், இரண்டுக்கும் பொருந்தும் பக்கங்களை நேர்மையாக எழுதி, அவற்றைத் தேடுபொறிக்கு விளங்கும்படி அடையாளமிட்டு, எதைப் படிப்பது என்னும் முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிற தளமே அந்தந்த ஊரின் தேடல் முடிவுகளில் நிலைத்த இடத்தைப் பெறும் தகுதி உடையது.

இந்த உண்மையை விளங்கிக்கொள்ள ஸ்விட்சர்லாந்தைப் போன்ற நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 26 கேன்டன்கள் சேர்ந்த அந்தச் சிறிய தேசத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் ஆகிய நான்கும் தேசிய பாஷைகள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஜெர்மனையும், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் பிரெஞ்சையும், தெற்கே டிச்சினோ கேன்டனைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியனையும் தங்கள் பாஷையாகக் கொண்டிருக்கிறார்கள். ஜூரிக்வாசியும் ஜெனிவாவாசியும் ஒரே பிராங்க் நாணயத்தைச் செலவழித்து, ஒரே சுங்க எல்லைக்குள் வாழ்ந்து, பெரும்பாலான பொருள்களுக்கு ஒரே 8.1 சதவீத மதிப்புக்கூட்டு வரியைச் செலுத்துகிறவர்களே என்றாலும், ஒருவர் ஜெர்மனில் தேடுகிறார், மற்றவர் பிரெஞ்சில் தேடுகிறார். அங்கே கால் பதிக்க விரும்பும் வியாபாரி, ‘ஸ்விட்சர்லாந்துக்கான பக்கம்’ என்று ஒன்றே ஒன்றை எழுதி நிறுத்திவிட்டால், எந்தப் பாஷையில் எழுதினாலும், கணிசமான ஒரு பகுதியினரைத் தாமாகவே ஒதுக்கிவைத்தவராகிறார்.

சரி, ஜெர்மனிக்காக எழுதிய ஜெர்மன் பக்கமும் பிரான்ஸுக்காக எழுதிய பிரெஞ்சுப் பக்கமும் ஏற்கெனவே கையில் இருக்கின்றனவே, அவற்றையே ஸ்விட்சர்லாந்துக்கும் காட்டிவிடலாமே என்றால், அதுவும் பலிப்பதில்லை. ஜெர்மன் பாஷை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஸ்விட்சர்லாந்திலும் வழங்குகிறது. ஆனால் முதல் இரண்டு தேசங்களில் நாணயம் யூரோ, மூன்றாவதில் பிராங்க். பொதுவான மதிப்புக்கூட்டு வரி ஜெர்மனியில் 19 சதவீதம், ஆஸ்திரியாவில் 20 சதவீதம், ஸ்விட்சர்லாந்தில் மேலே சொன்ன 8.1 சதவீதம். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு தேசமும் அல்ல. ஆகவே முனிக்கிலிருந்து புறப்படும் பார்சல் வியன்னாவுக்குப் போவதைப் போலச் சுங்கத் தடையின்றி பெர்னுக்குப் போய்விடாது. எழுத்திலும் பேதம் உண்டு. ஜெர்மனியில் அழுத்தமான ‘எஸ்’ ஒலிக்கென்று வழங்கும் தனி எழுத்தை ஸ்விஸ் ஜனங்கள் கைவிட்டு, இரண்டு ‘எஸ்’ எழுத்துகளை அடுத்தடுத்து எழுதுகிறார்கள். ஆயிரத்து இருநூறு என்ற தொகையை ஜெர்மனியில் புள்ளியிட்டு 1.200 என்று எழுத, ஸ்விட்சர்லாந்தில் மேற்குறியிட்டு 1'200 என்று எழுதுகிறார்கள். யூரோவில் விலை சொல்லி, 19 சதவீத வரியைச் சேர்த்து, ஜெர்மனியின் எழுத்துமுறையில் நிற்கும் ஒரு பக்கத்தைத் திறந்தவுடனேயே, இது தனக்காக எழுதப்பட்டதல்ல என்று பெர்ன் நகரத்து வாசகர் தெரிந்துகொள்கிறார். தெரிந்துகொண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்.

தேடுகிற சொல்லும் அப்படியே இடத்துக்கு இடம் மாறுகிறது. ஜெர்மனியில் சைக்கிள் வாங்க நினைப்பவர் ‘ஃபாராட்’ என்று தட்டச்சு செய்வார்; ஸ்விட்சர்லாந்தில் அதே பொருளை வாங்க நினைப்பவர் ‘வேலோ’ என்றே தட்டச்சு செய்வார். இன்றைய தேடுபொறிகள் ஒருபொருட் சொற்களை ஓரளவுக்குத் தாமே இனங்கண்டுகொள்கின்றன என்பது உண்மைதான். ஆயினும், தலைப்பிலும் விவரத்திலும் தன் ஊர்ச் சொல்லைக் கண்ட வாசகர் அந்த முடிவைத் தேர்ந்தெடுப்பதும், அந்நியச் சொல்லைக் கண்டவர் அடுத்த முடிவுக்குப் போவதும் மனித சுபாவம். ஆகவே, எந்தத் தேசத்தில் என்ன சொல்லைக் கொண்டு தேடுகிறார்கள் என்பதை அந்தத் தேசத்தில் வாழ்கிற ஒருவரிடம் கேட்டு அறிந்துகொள்வதுதான் இந்தக் காரியத்தின் முதற்படியே தவிர, மொழிபெயர்ப்பு அல்ல.

அடுத்தது விலாச விஷயம். பல தேசங்களுக்கான பக்கங்களை அமைக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு தேசத்துக்கும் அதன் சொந்த டொமைனை வாங்குவது ஒரு வழி. அமேசான் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இந்தியாவுக்கும் அப்படித் தனித்தனி டொமைன்களை வைத்திருக்கிறது. ஒரே டொமைனின் முன்னால் கிளைப் பெயரைச் சேர்ப்பது இரண்டாவது வழி. விக்கிபீடியா ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு கிளையை அப்படித்தான் நடத்துகிறது. ஒரே டொமைனுக்குள் தேசத்துக்கும் பாஷைக்கும் உள்ளடுக்குகளைப் பிரிப்பது மூன்றாவது வழி. ஐக்கியா நிறுவனத்தின் தளத்தில் முதலில் தேசமும் அதற்குள் பாஷையும் அவ்வாறு அடுக்கப்பட்டிருக்கின்றன. தேசத்தின் சொந்த டொமைன் தேடுபொறிக்கும் வாசகருக்கும் பலமான அடையாளம்; ஆனால் ஒவ்வொன்றையும் தனியே வளர்த்துப் பராமரிக்கும் செலவு அதிகம். உள்ளடுக்கு முறையில் செலவு குறைவு. ஒரு தேசத்துப் பக்கங்கள் ஈட்டிய நற்பெயர் மற்றவற்றுக்கும் ஓரளவு உதவுகிறது. எதைத் தேர்ந்தாலும் தோஷமில்லை. தேர்ந்தபின் அடிக்கடி மாற்றுவதுதான் தோஷம். துவாலு தீவுக்குரிய ‘டாட் டிவி’ போன்ற சில தேச டொமைன்கள் உலகெங்கும் பொதுவாக வழங்கிவிட்டபடியால், கூகுள் அவற்றைக் குறிப்பிட்ட தேசத்துக்கு உரியவையாகக் கருதுவதில்லை என்பதையும், ‘டாட் இயு’ எந்த ஒரு தேசத்தையும் சுட்டுவதில்லை என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நலம்.

இனி, ஒரே பாஷையில் ஒன்றைப் போலவே தோன்றும் மூன்று பக்கங்களில் எது யாருக்கு உரியது என்பதைத் தேடுபொறி எப்படி அறியும்? அதற்காகவே 2011-ஆம் வருஷம் கூகுள் ‘ஹெச்ரெஃப்லாங்’ என்ற குறியீட்டை அறிமுகப்படுத்தியது. வாசகர் கண்ணுக்குப் புலப்படாமல் பக்கத்தின் தலைப்பகுதியிலோ, தளவரைபடக் கோப்பிலோ எழுதப்படும் அந்தக் குறியீட்டில், முதலில் பாஷைக்குரிய ஈரெழுத்தும், தேவையானால் அதையடுத்து ஒரு சிறு கோடிட்டுத் தேசத்துக்குரிய ஈரெழுத்தும் வர வேண்டும். ஜெர்மன் பாஷையின் ‘டிஇ’யோடு ஸ்விட்சர்லாந்தின் ‘சிஹெச்’ சேர்ந்தால் ஸ்விஸ் ஜெர்மன் வாசகருக்குரிய பக்கம் என்று பொருள். இந்த வரிசை அற்பமான சம்பிரதாயம் அல்ல. பாஷையை விட்டுவிட்டுத் தேசத்தை மட்டும் எழுத நினைத்து ‘சிஹெச்’ என்று நிறுத்துகிறவர், ஸ்விட்சர்லாந்தைக் குறிப்பிடுவதாக நம்பிக்கொண்டு, பசிபிக் சமுத்திரத்தின் குவாம் தீவில் பேசப்படும் சமோரோ பாஷையைக் குறிப்பிட்டுவிடுகிறார். பெல்ஜியத்தை நினைத்து ‘பிஇ’ என்று எழுதுகிறவர் பெலாரஷ்யப் பாஷையைக் குறிப்பிட்டுவிடுகிறார். பிரிட்டனுக்கு ‘யுகே’ என்று எழுதுவதும் இதே ரகத்துப் பிழை. அனைத்துலகப் பட்டியலில் அந்தத் தேசத்துக்குரிய எழுத்துகள் ‘ஜிபி’. பாஷையைச் சொல்லாமல் தேசத்தை மட்டும் சொல்ல இந்த முறையில் இடமே இல்லை என்பது, தேசமும் பாஷையும் வெவ்வேறு என்ற தத்துவத்தை இயந்திரமே நம்மிடம் வற்புறுத்துவதாகும்.

மற்றொரு நிபந்தனையும் உண்டு. ஸ்விஸ் பக்கம் ஜெர்மனிப் பக்கத்தைத் தன் இணையாகக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. ஜெர்மனிப் பக்கமும் ஸ்விஸ் பக்கத்தைத் திரும்பக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குறிப்பைத் தேடுபொறி ஏற்பதில்லை. இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொண்டால்தான் நிச்சயதார்த்தம் என்ற நம் வழக்கத்துக்கு ஒப்பானது இந்த விதி. பெரிய ஸ்தாபனங்களில் ஒரு தேசத்துக் கிளை தன் பக்கங்களைப் புதுப்பித்து விலாசங்களை மாற்றும்போது, மற்றத் தேசத்துக் கிளைகளுக்குத் தகவல் சொல்லாமல் விட்டுவிட்டால், இந்தப் பரஸ்பர உறவு அறுந்துபோகிறது. மறுபடியும் ஜெர்மனியின் பக்கம் ஸ்விட்சர்லாந்தில் தலைகாட்டத் தொடங்குகிறது. இதோடு, எல்லாத் தேசத்துப் பக்கங்களுக்கும் தலைமைப் பக்கமே ‘கெனானிக்கல்’, அதாவது மூலப் பிரதி, என்று அறிவித்துவிடும் பிழையும் சேர்ந்துகொண்டால், மற்றப் பக்கங்களைக் கவனிக்க வேண்டாம் என்று தளமே தேடுபொறியைக் கேட்டுக்கொண்டதாக ஆகிவிடும். எந்தப் பக்கமும் பொருந்தாத தேசத்திலிருந்து வருகிறவர்களுக்கென்று பொதுவான ஒரு பக்கத்தைக் குறிக்க 2013-இல் ‘எக்ஸ்-டீஃபால்ட்’ என்ற குறியீடும் சேர்க்கப்பட்டது. அதையும் வைத்துவிட்டால், யாரும் வாசலில் நின்று திகைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், நான் மிகவும் வன்மையாகக் கண்டிக்க விரும்பும் ஒரு வழக்கம் மிஞ்சி நிற்கிறது. வருகிறவரின் கருவிக்குரிய இணைய (ஐ.பி.) முகவரியைக் கொண்டு அவர் இருக்கும் தேசத்தை ஊகித்து, அவர் கேட்ட பக்கத்தைக் காட்டாமல், தளம் தானாகவே வேறொரு பக்கத்துக்குத் தள்ளிவிடும் வழக்கம் அது. மதுரையிலிருந்து வேலை நிமித்தம் ஜூரிக்குக்குச் சென்ற ஒருவர், இந்தியாவிலுள்ள தம் பெற்றோருக்கு ஒரு பொருளை அனுப்ப எண்ணி இந்தியப் பக்கத்தைத் திறக்க, தளம் அவரை ஜெர்மன் பாஷையிலான ஸ்விஸ் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறது. ஆங்கிலம் வேண்டும் என்று அவர் கேட்டால், அமெரிக்கப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று டாலரில் விலை சொல்கிறது. அவர் ஆங்கிலத்தில் வாசிப்பவர், ஸ்விட்சர்லாந்தில் வசிப்பவர், இந்தியாவில் பொருள் சேர வேண்டுமென்று விரும்புபவர். இந்த மூன்றையும் அவர் ஒருவரே அறிவார். எந்த ஊகமும் அறியாது. வாசகருக்கு இழைக்கும் இந்த அநீதி ஸ்தாபனத்தையும் திருப்பித் தாக்குகிறது. பக்கங்களைப் படித்துச் சேகரிக்க வரும் கூகுளின் தளந்துழாவி பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்தே வருவதால், முகவரியைப் பார்த்துத் திருப்பிவிடும் தளம் அதையும் அமெரிக்கப் பக்கத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அரும்பாடுபட்டு எழுதிய ஸ்விஸ் பக்கமும் பிரெஞ்சுப் பக்கமும் தேடுபொறியின் கண்ணில் படாமலேயே போகின்றன.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டத்தின் மூலமாகவே தடுத்திருக்கிறது. 2018 டிசம்பர் 3 முதல் அமலில் உள்ள புவித்தடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், அவருடைய தேசத்தையோ வசிப்பிடத்தையோ காரணமாகக் கொண்டு அவரை வேறொரு பதிப்புக்கு வியாபாரி திருப்பிவிடக் கூடாது. சம்மதித்தவர்களுக்கும் முதலில் நாடிய பதிப்பு எளிதில் எட்டும்படி இருக்க வேண்டும். இது அறிவார்ந்த சட்டம். பக்கத்தின் மேலே சிறிய பட்டையில், ‘நீங்கள் ஸ்விட்சர்லாந்தில் இருப்பதாகத் தெரிகிறது, அந்தத் தேசத்துப் பக்கத்தைப் பார்க்க விரும்புகிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன பதிலை மறக்காமல் வைத்துக்கொள்வதில் எந்த வியாபாரிக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

இவையெல்லாம் பெரும் பணக்கார ஸ்தாபனங்களுக்கு மட்டுமே சாத்தியம் என்றும், இயந்திர மொழிபெயர்ப்பு இவ்வளவு தேர்ச்சி அடைந்துவிட்ட காலத்தில் தனித்தனியே எழுதச் சொல்வது வீண் சிரமம் என்றும் ஆட்சேபிப்பவர்கள் உண்டு. முதல் ஆட்சேபத்துக்கு என் பதில், பத்துத் தேசங்களுக்கு அரைகுறையாகச் செய்வதைவிட இரண்டு தேசங்களுக்கு முழுமையாகச் செய்வது மேல் என்பதே. இரண்டாவது ஆட்சேபத்துக்குப் பதில், பிழையற்ற வாக்கியம் வேறு, உண்மையான வாக்கியம் வேறு என்பது. இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை, சில விலக்குகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி ஜெர்மனிய வாடிக்கையாளருக்கு உண்டு. ஸ்விஸ் சட்டத்தில் இணைய வியாபாரத்துக்கு அத்தகைய பொது உரிமை கிடையாது. ஜெர்மனிப் பக்கத்தின் அந்தப் பாராவை இயந்திரம் எவ்வளவு அழகாகப் பெயர்த்துக் கொடுத்தாலும், ஸ்விட்சர்லாந்தில் அது பொருந்தாத வாசகமே. விலை, வரி, விநியோகக் காலம், திருப்பித் தரும் நிபந்தனை, உள்ளூர்த் தொலைபேசி எண் ஆகிய இவைதாம் ஒரு பக்கத்தை அந்தத் தேசத்துக்குச் சொந்தமாக்குகின்றன; இவற்றை மொழிபெயர்க்க முடியாது, விசாரித்துத்தான் எழுத வேண்டும். படிப்பவருக்குப் பிரயோஜனமில்லாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பதைக் கூகுள் 2024 மார்ச் மாதம் தன் விதிகளில் முறைகேடாகவே வகுத்திருப்பதையும் ஆட்சேபிப்பவர்கள் கவனிக்க வேண்டும். கூகுள் ஒன்றே உலகம் என்று எண்ணுவதும் தவறு. ரஷ்யாவில் யாண்டெக்ஸ், சீனாவில் பைடு, தென் கொரியாவில் நேவர் என்று அந்தந்தத் தேசத்தின் தேடுபொறிகள் வேரூன்றி இருக்கின்றன. அவற்றுக்கு அவற்றின் நியமங்கள் தனி.

இந்த விஷயம் தமிழர்களாகிய நமக்கு எட்டாத தூரத்தில் நடப்பது அல்ல. ஜெர்மன் பாஷைக்கு மூன்று தேசங்களில் நேரும் சங்கடம் தமிழுக்கு நான்கு தேசங்களில் நேருகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நான்கிலும் தமிழ் வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நான்கிலும் நாணயம் வேறு, வரி வேறு, வழங்கும் சொல்லும் பல இடங்களில் வேறு. சென்னையிலுள்ள ஒரு வியாபாரி தம் தமிழ்ப் பக்கத்தில் ‘விலை ரூ. 5,000’ என்று எழுதிவிட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து வாசிப்பவருக்கு அது இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா என்று தெரிவதற்கு வழியில்லை. இரண்டின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசமோ சிறியதல்ல. சிங்கப்பூர்வாசிக்கு 2024 முதல் 9 சதவீதமாக உள்ள பொருள், சேவை வரியைச் சேர்த்து டாலரில் சொன்னால்தான் அது விலை. தமிழ்நாட்டில் சைக்கிள் என்று தேடப்படுவது இலங்கையில் துவிச்சக்கர வண்டி என்றும், இங்கே பிரெட் என்று தேடப்படுவது அங்கே பாண் என்றும் தேடப்படலாம். ஸ்விட்சர்லாந்திலேயே இலங்கையிலிருந்து சென்று குடியேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வசிக்கிறார்கள். தமிழின் ‘டிஏ’ குறியீட்டோடு ஸ்விட்சர்லாந்தின் ‘சிஹெச்’ சேர்த்து, பிராங்கில் விலை சொல்லும் தமிழ்ப் பக்கம் ஒன்றை அமைக்க எந்த விதியும் தடை சொல்லவில்லை. அந்தத் தேசத்தின் ஆட்சி பாஷைப் பட்டியலில் தமிழ் இல்லை என்பதற்காக, அங்கே தமிழில் தேடுகிறவர் இல்லை என்று முடிவு கட்டுவதும், தேசத்தையும் பாஷையையும் ஒன்றாக எண்ணும் அதே பழைய பிழைதான்.

நம் வாசகர்களை வேறொருவர் வந்து கவனிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழெழுத்திலேயே தேச டொமைன்கள் இருக்கின்றன, குறியீடுகள் இருக்கின்றன, சட்டமும் விதிகளும் வாசகர் பக்கமே நிற்கின்றன. அயல்தேசங்களுக்குப் பொருள் அனுப்பும் நம் ஜவுளி வியாபாரிகளும், அயல்தேசத்து நோயாளிகளை வரவேற்கும் நம் மருத்துவமனைகளும், புத்தகங்களை நான்கு தேசங்களுக்கும் அனுப்பும் நம் பதிப்பகங்களும் இனி ஒரு காரியத்தைத் தவறாமல் செய்ய வேண்டும். புதிய தேசத்துக்கான பக்கத்தை வெளியிடுமுன், அந்தத் தேசத்தில் வாழும் ஒருவரை அவருடைய சொந்தச் சொற்களால், அவருடைய சொந்தத் தொலைபேசியில் தேடச் செய்து, எந்தப் பக்கம் வருகிறது, அதில் உள்ள விலையும் நிபந்தனையும் அவருக்குப் பொருந்துகின்றனவா என்று கேட்டுத் திருத்திய பின்னரே வெளியிட வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு தேசத்துப் பக்கத்தின் வரவையும் தனித்தனியே கணக்கிட்டு, எங்கே எந்தப் பக்கம் தவறாகத் தோன்றுகிறது என்று மாதந்தோறும் பார்த்துச் சீர்செய்ய வேண்டும். தேடல் முடிவில் முதலிடத்தைக் காசு கொடுத்து ஒரு நாளில் வாங்கிவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு இது மந்தமான வழியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தேசத்து ஜனங்களின் நாணயத்தையும் சட்டத்தையும் சொல்லையும் அறிந்துகொள்ளச் சிரமப்படாத ஸ்தாபனத்துக்கு, அந்த ஜனங்களின் தேடலில் முதலிடம் கேட்கும் நியாயமும் கிடையாது.